இலவச கேஸ் இணைப்பு கொடுத்தும் கிராமங்களில் விறகடுப்பு ஏன் இன்னும் எரிகிறது?

“பழக்கதோஷம், விறகுச் சோறு ருசி என்பார்கள், மாற மாட்டார்கள்” என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் யாரும் முள் வெட்டித் தலையில் சுமந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

எனக்கு ராமநாதபுரம் பக்கம். என் அத்தை வீட்டில், மத்திய அரசின் இலவச கேஸ் இணைப்புத் திட்டமான உஜ்வாலாவில் வந்த சிலிண்டர் இருக்கிறது. பழைய சேலைத் துண்டு போர்த்தி, அதன்மேல் சுளகைச் சாத்தி வைத்திருப்பார். சோறு, குழம்பு எல்லாம் கொல்லைப்புற மண்ணடுப்பில்தான். கேட்டால், “அது காப்பித்தண்ணி போடத்தான்டா. சோத்துக்கு வச்சா எத்தன நாளைக்குத் தாங்கும்?” என்பார்.

அந்தத் திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்பு கொடுத்துவிட்டார்கள், சாதனைதான். ஆனால் அதே ஆண்டு வந்த மத்தியத் தணிக்கை அறிக்கையைப் பாருங்கள்: 2018 டிசம்பர் நிலவரப்படி, இந்தப் பயனாளிகள் வருஷத்துக்குச் சராசரியாக வாங்கியது 3.21 சிலிண்டர். நாலு பேர் இருக்கும் என் வீட்டில் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று காலியாகிறது. மிச்ச நாளெல்லாம் அங்கே எது எரிந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், விலையை விடப் பெரிய சிக்கல் அதை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டியிருப்பதுதான். அத்தைக்குக் கூலி அன்றன்றைக்கு வருகிறது. நூறு நாள் வேலைக் காசு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எண்ணெயைப் பத்து ரூபாய் பாக்கெட்டில் வாங்கலாம், முன்பு ரேஷன் மண்ணெண்ணெயை லிட்டர் கணக்கில் வாங்கினார்கள். கேஸை அப்படி வாங்க முடியுமா? 2023 மார்ச்சில் 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 1,118.50 ரூபாய். உஜ்வாலாக்காரர்களுக்கு அப்போது மானியம் 200 ரூபாய். ஆனால் முழுப் பணத்தையும் முதலில் எண்ணி வைக்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். அதை எடுக்க பஸ் ஏறி டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. (5 கிலோ சிலிண்டர் என்று ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் நான் கண்ணால் பார்த்ததில்லை.)

எதிர்ப்பக்கம் விறகு. எங்கள் மாவட்டத்தில் மழை பெய்யாவிட்டாலும் சீமைக்கருவேலம் முளைக்கும். அரிவாளும் கவட்டைக் கம்பும் சும்மாட்டுத் துணியும் இருந்தால் போதும், காசு வேண்டாம். காலில் முள் ஏறுவதும், போக வர அரை நாள் ஆவதும், புகையில் கண் எரிவதும் எந்தக் கணக்கிலும் வராது. சிலிண்டர் வாங்க அத்தை மாமாவிடம் ஆயிரம் ரூபாய் கேட்டால் “கருவை சும்மாதானே கிடக்கு” என்பார். அவர் ஒரு நாளும் வெட்டப் போனதில்லை.

மின்சாரத்திலும் இதே கதைதான், வேறு மாதிரி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 96.8% வீடுகளில் மின்சாரம் உண்டு. சமையலுக்குப் புகையில்லா எரிபொருள் பயன்படுத்துபவை 58.6%தான். கம்பி வந்துவிட்டது, ஆனால் கரண்ட் பில்லை நினைத்தால், இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைக்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது? தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்தான். ஆனால் அது எல்லாருக்கும் வந்து சேராது. நான் சென்னையில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வாங்கினார். இலவசம் அவருக்கு, பில் எனக்கு.

போன ஐப்பசியில் அடைமழை. விறகெல்லாம் நனைந்துபோய், அத்தை பத்து நாள் கேஸிலேயே சமைத்தார். தினமும் சிலிண்டரை லேசாகச் சாய்த்து எவ்வளவு மிச்சம் என்று கனம் பார்ப்பார். பதினோராம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும், முதல் வேலையாக விறகை இழுத்து வாசலில் காயப் போட்டார்.