கொலுசுப் பட்டறைப் புகையும் குழந்தையின் மூச்சும்

கேள்வி: எங்கள் வீட்டு முன்கூடத்திலேயே என் கணவர் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி (உருக்கி ஒட்டவைக்கும் உலோகத் தூள்) வைத்துப் பற்றவைக்கும் வேலை செய்கிறார். சில நாள் இரவில் அவருக்குக் குளிர்காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து, மறுநாள் மாலைக்குள் சரியாகிவிடுகின்றன. எங்கள் 4 வயது மகள் பக்கத்திலேயேதான் விளையாடுகிறாள். காற்றில் கலந்த உலோகத் தூசி உடம்புக்கு ஆகாது என்கிறார்கள். வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?
- ஒரு வாசகி, சிவதாபுரம், சேலம்

பதில்: முதல் வேலையாக, ஊதுகுழல் எரியும் நேரத்தில் மகள் அந்தக் கூடத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

வெல்லமும் வாழைப்பழமும் உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குச் செல்பவை. நுரையீரலுக்குள் போன தூசியை அவை தொடுவதே இல்லை. பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகளோ, தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாததால், நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கிவிடுகிறது. அதில் உள்ள இரும்பும் செம்பும் அங்கேயே வேதிவினை புரிந்து மெல்லிய சவ்வைப் புண்ணாக்குகின்றன. ஈயமும் காட்மியமும் இரத்தத்தில் கலக்கின்றன. உண்ணும்போது குடல் உறிஞ்சுவதைவிட, சுவாசிக்கும்போது நுரையீரல் உறிஞ்சும் காட்மியத்தின் பங்கு பல மடங்கு அதிகம்.

நகரத்துக் காற்றிலும் உலோகம் உண்டு. வண்டிகளின் பிரேக் தேய்மானத்திலிருந்து செம்பும், டயரிலிருந்து துத்தநாகமும் வருகின்றன. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோடுமலை என நாற்புறமும் மலை சூழ்ந்த சேலத்தில், மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடுவதால் புகையும் கலையாமல் நிற்கிறது. பெட்ரோலில் ஈயம் சேர்ப்பது 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுபோனது பெரிய ஆறுதல். நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர விதிகள் ஈயம், ஆர்சனிக், நிக்கல் ஆகிய மூன்று உலோகங்களுக்கு வரம்பு விதித்துள்ளன. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் அஞ்சுகிற காட்மியம் அந்தப் பட்டியலில் இல்லை.

‘கே.டி.எம். நகை’ என்று கடைகளில் கேட்டிருப்பீர்களே, அந்தப் பெயர் குறிப்பதும் இதே காட்மியத்தைத்தான். வெள்ளிக்கு வைக்கும் பொடியிலும் அது கலந்திருப்பதுண்டு. பொடி எளிதில் உருகிப் பாய்வதற்காகச் சேர்க்கப்படும் அந்த உலோகம், சூடு மிகுந்தால் ஆவியாகி, பற்றவைப்பவரின் முகத்துக்கு நேராகவே எழுகிறது. நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உறுதிசெய்யப்பட்ட உலோகம் இது; சிறுநீரகத்தில் படிந்தால் பாதியளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். பீடி, சிகரெட் புகையிலும் அது இருப்பதால், கணவருக்கு அந்தப் பழக்கம் இருந்தால் பாதிப்பு இரட்டிக்கும்.

அவருக்கு வரும் காய்ச்சல், பெரும்பாலும் துத்தநாகப் புகையால் வருகிற ‘உலோகப்புகைக் காய்ச்சலாக’ இருக்கலாம். விடுமுறை முடிந்து வேலைக்கு உட்காரும் முதல் நாளில் அது கடுமையாக இருக்கிறதா என்று கவனியுங்கள்; இந்தக் காய்ச்சலின் இயல்பு அதுதான். ஆனால் காட்மியப் புகை தாக்கினாலும் தொடக்கம் இப்படியேதான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மறுநாள் தணியாமல் இருமலும் மூச்சுத் திணறலும் கூடினால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. கொள்முதல் செய்யும் இடத்தில் அதையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். புகையை முகத்துக்கு எட்டும் முன்பே வெளியே இழுக்கும்படி எக்ஸாஸ்ட் ஃபேனை மேடைக்கு அருகில் பொருத்துங்கள். மூக்கில் கட்டும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறை லுங்கியைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், மகளுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். கணவரின் நுரையீரல் திறனையும், சிறுநீரில் புரதமும் காட்மியமும் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். மகளின் இரத்தத்தில் ஈய அளவைச் சோதிப்பது பற்றியும் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்; பொடி வாங்கிய பொட்டலத்தின் மேலுறை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.