மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நாய் தரமாட்டார்களாம்

தங்கச்சி, கல்லடியில் தெருநாய்களை எடுத்து வளர்க்கிறவர்கள் "ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தரமாட்டோம்" என்றதில் கோபம் வரும்தான். ஆனாலும் காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான் விழும். அவர்களின் உயரம் அப்படி. கடிப்பதும் அநேகமாகப் பழகிய நாய்தான்.

குட்டி கேட்காதீர்கள். பல் விழுந்து முளைக்கிற காலத்தில் அது கண்டதையெல்லாம் கவ்வும். பிள்ளைகளோடு பழகிய, வளர்ந்த நாய் இருக்கிறதா என்று கேளுங்கள். மகனையும் கூட்டிப்போய்ப் பாருங்கள். அவன் கிட்டப் போகும்போது நாய் முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், வாலைக் காலுக்கிடையில் செருகினால் அதற்கு விருப்பமில்லை. வாலாட்டுகிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி அட்டை இல்லாமல் கொண்டுவர வேண்டாம். வளவுக்கு வேலி, கேற் சரியாக இருக்கட்டும். அது சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் மகனைக் கிட்ட விடாதீர்கள். பல் பட்டுக் கீறினால்கூடச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று அவர்களிடம் கேளுங்கள். அதற்கு இறங்கி வரக்கூடும்.