வெயிலில் இருந்து இருட்டுக்குள் போனால் கொஞ்ச நேரம் கண் தெரியாதது ஏன்?

உச்சி வெயிலில் ரதவீதியில் நடந்துவிட்டு நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துக்குள் நுழைந்தால் முதலில் தூண்கூடச் சரியாகத் தெரியாது, அப்புறம் மெல்ல மெல்லச் சிற்பத்தின் விரல் வரைக்கும் துலங்கும். கண் இப்படி இருட்டுக்குப் பழகுவதுதான் இருட்டுத் தகவமைப்பு.

கண்பாப்பா சில நொடியிலேயே விரிந்துவிடும். ஆனால் அது மட்டும் போதாது. விழித்திரையில் மங்கலான ஒளிக்கென்றே இருக்கும் குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி உண்டு. பளீர் வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், வைட்டமின் ஏ துணையோடு திரும்பச் சேர 20, 30 நிமிடம் ஆகும், இறைத்துத் தீர்த்த கிணறு ஊறுகிற மாதிரி. அந்த வைட்டமினுக்காக முருங்கைக்கீரை தின்னச் சொல்லும் ஆச்சி சொல்வது சரிதான்.

இப்படிக் கொஞ்ச நேரம் கண் தெரியாததை மாலைக்கண் என்று பலர் பயப்படுகிறார்கள். மாலைக்கண் இருந்தால் அரை மணி நேரம் காத்திருந்தாலும் மங்கலில் பார்வை தெளியாது.