வீட்டு பாண்டு (வீட்டுக் கடன்) தவணையைக் குறைக்கச் சொன்னால் வங்கி கேட்குமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வீடு வாங்கினோம். வட்டி ஏறிவிட்டது, கணவருக்கு வேலை நேரமும் குறைந்துவிட்டது. தவணையைக் குறைத்துத் தரும்படி வங்கியிடம் கேட்டால் நடக்குமா? இங்கே யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

நாங்கள் வாங்கினோம். ஆனால் நான்கு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். நடுவில் வீடே போய்விடும் என்ற நிலை வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் நாகப்பட்டினத்துப் பெண், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவருக்கு புராஸ்பெக்டன் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் வேலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்து, மாதக்கணக்கில் பாதிச் சம்பளம்தான் வந்தது. அதே நேரம் வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது. 2021 நவம்பரிலிருந்து 2023 மே வரை இந்நாட்டு ரிசர்வ் வங்கி தொடர்ந்து பத்து முறை ஏற்றி, 7 சதவீதமாக இருந்த பிரைம் (வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி) 11.75 ஆனது. பத்து லட்சம் ராண்ட், 20 வருடக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதத்தில் சுமார் 7,750 ராண்டாக இருக்கும் தவணை 11.75-ல் 10,840 ஆகிறது.

மே, ஜூன் இரண்டு மாதமும் தவணையில் பாதியைத்தான் கட்டினோம். அதற்கு அப்புறம்தான் வங்கிக்குப் போன் செய்தோம். முதல் தவணை தவறுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் பாக்கி விழுந்ததுமே நம் பெயர் பாக்கி வசூலிக்கும் பிரிவுக்குப் போய்விடுகிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வி, "எப்போது கட்டுவீர்கள்?"

மூன்று மாத சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வரவு செலவுப் படிவம், ஆலையிலிருந்து ஒரு கடிதம் எல்லாம் கேட்டார்கள். அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வேறொருவர் பேசினார். ஜூன் மாத அறிக்கை பழசாகிவிட்டதாம், ஜூலை மாதத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னார். ஆகஸ்டில் இன்னொருவர். அவரிடம் எங்கள் படிவமே இல்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளத்திலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன்: தேதி, நேரம், பேசியவர் பெயர், குறிப்பு எண், அவர் சொன்னது. போனில் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினேன். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

ஏனென்றால் ஒரு பிரிவு எங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு பிரிவு வழக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பதிவுத் தபால் வந்திருப்பதாக அஞ்சலகச் சீட்டு ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. மாமியார் அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி அறையில் காமாட்சி விளக்குக்கு அடியில் வைத்து, அப்படியே மறந்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்க எடுத்தபோதுதான், எண்ணெய் ஊறி, முத்திரை கலங்கிய நிலையில் அது என் கையில் கிடைத்தது. கடிதத்தை வாங்கிப் பிரித்தால், தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அறிவிப்பு, அதாவது வழக்குப் போடும் முன் வங்கி அனுப்ப வேண்டிய எச்சரிக்கை. மாமியார் குடும்பம் அறுபதுகளில் டர்பன் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பம். அப்போது அவர் சிறுமி. "மறுபடியும் சாமான் கட்டணுமா?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கடிதம் வந்த உடனே வீடு போய்விடாது. அறிவிப்பு சேர்ந்து 10 வேலை நாளும், தவணை தவறி 20 வேலை நாளும் ஆகாமல் வங்கி நீதிமன்றம் போக முடியாது. ஆனால் கடிதத்தை வாங்காமல் விட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான அஞ்சலகத்துக்கு வந்து, உங்களுக்குச் சீட்டும் வந்துவிட்டால் பொதுவாக அது சேர்ந்ததாகத்தான் கணக்கு. அரசியல் சாசன நீதிமன்றமே 2014-ல் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது.

நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு நேரே கிளைக்குப் போனேன். மேலாளர் அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, விண்ணப்பத்தை வழக்குப் பிரிவுக்கும் அனுப்பி வைத்தார். அக்டோபரில் பதில் வந்தது: கடனை 30 வருடமாக நீட்டிக்கலாம். எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் இரவு சாப்பாட்டு மேசையில் கணவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது பிரைம் 9.75. பத்து லட்சத்துக்கு 20 வருடம் என்றால் தவணை சுமார் 9,485. 30 வருடம் என்றால் 8,590. மாதம் 900 ராண்ட்கூடக் குறையவில்லை. மொத்தத்தில் கட்டுவதோ எட்டு லட்சத்துக்கு மேல் கூடுகிறது. வட்டி உயரத்தில் இருக்கும்போது தவணையில் பெரும்பங்கு வட்டிதான், அதனால் வருடத்தை எவ்வளவு நீட்டினாலும் பெரிதாகக் குறையாது. கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் வேறொன்று கேட்டோம். ஆறு மாதம் பாதித் தவணை, கட்டாத தொகையைக் கடனோடு சேர்த்துவிடுங்கள், வருடத்தை நீட்ட வேண்டாம் என்று. அதற்குள் ஆலை ஓட ஆரம்பித்து, முழுச் சம்பளம் எப்போது திரும்பும் என்று ஆலைக் கடிதத்தில் தேதியும் இருந்தது. அந்தத் தேதிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒப்புக்கொண்டார்கள். பழைய பாக்கியை என் இரண்டு வளையலை விற்று அடைத்தோம். வங்கி ஒப்பந்தத்தை ரத்து செய்யும் முன் பாக்கியையும் அதற்கான நியாயமான செலவையும் மட்டும் கட்டினால் கடன் பழையபடி உயிர் பெறும், முழுக் கடனையும் கட்ட வேண்டியதில்லை. இது சட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு இதை வங்கியில் யாரும் சொல்லவில்லை.

டெட் ரிவ்யூ (ஆலோசகர் ஒருவர் மூலம் எல்லாக் கடன் தவணையையும் மாற்றி அமைக்கும் ஏற்பாடு) பற்றியும் நிறையப் பேர் போன் செய்து ஆசை காட்டுவார்கள். கார், கார்டு, கடை என்று பல கடன் இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் அது முடியும் வரை புதுக் கடன் எதுவும் வாங்க முடியாது. பாண்டுக்காக வங்கி ஏற்கெனவே நீதிமன்றம் போயிருந்தால் அந்தக் கடன் அதில் சேராது. ஆலோசகர் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தவர்தானா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். வங்கி பதிலே தராமல் இழுத்தால் தேசிய நிதி ஒம்பட் (National Financial Ombud) என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் காசில்லாமல் புகார் கொடுக்கலாம்.

உங்கள் கணவருக்கு வேலை நேரம் குறைந்திருக்கிறது என்கிறீர்கள். பாண்டோடு எடுத்த காப்பீட்டில் வருமான இழப்புக்கும் இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்த மாதம் முழுத் தவணை முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டுங்கள். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் எத்தனை மாதம், எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே தொகையைக் குறிப்பிடுங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் கீழே சொல்லுங்கள், நான் அனுப்பியதன் நகலைப் பெயர் எண் எடுத்துவிட்டுப் போடுகிறேன்.