குடாநாட்டு மாதிரியில் ஆறு எங்கே?

வணக்கம். உங்கள் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டின் மாதிரியைச் செய்வதாகவும், ஆற்றையும் மலையையும் எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் உங்களைப் போல நீலகிரிக்காரன், குன்னூர். நிலம் என்றாலே மேடும் ஓடையும் நம் கண்முன் வருவது இயல்பு. இங்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே பெரும்பகுதி 10 மீட்டரைக்கூடத் தாண்டாது. ஒரு மீட்டர் அகல அட்டையில் அந்த உயரம் ஒரு தாளின் தடிமன்தான். காகிதக்கூழ் மேடுகளைத் தயங்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வற்றாத ஆறும் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று உண்டு. அதை மேற்கே வலிகாமத்தில் மெல்லிய கோடாக வரையலாம். மாதிரியின் உயிர் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறுகளும் தோட்டங்களும் அதை நம்பியே இருக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் ஏறிவிடும். பக்கவாட்டில் ஒரு வெட்டுமுகம் வைத்து, நீலத்தின் இரண்டு சாயல்களில் இதைக் காட்டினால் மிக அழகாக இருக்கும்.

தெற்கே கடல்நீரேரியை அகலமாக விடுங்கள். பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவுக்குக் கொடி குத்துங்கள். வழி குறுகியது என்பதால்தான் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அங்கே கோட்டை கட்டினார்கள். பழைய யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூருக்கு இன்னொரு கொடி. அந்த அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது, 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள்.

இங்கே இது மழைக்காலம், பசை காய நேரமாகும். வண்ணத்தை இரண்டு நாள் கழித்தே பூசச் சொல்லுங்கள்.