கணினி கேள்வி பதில்: தொலைவில் உள்ள சர்வர் ஏன் தயங்குகிறது?

கேள்வி: குமுளியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் சர்வர் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் இருக்கிறது. இரவுதோறும் லாட்டுக்கு ஒன்று வீதம் 80 கட்டளைகளை எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குப் பாதுகாப்பாகக் கட்டளையிடும் முறை) வழியே ஒரு ஸ்கிரிப்ட் வரிசையாக அனுப்புகிறது; முடிய 16 நிமிடம் ஆகிறது. சர்வருக்குள் நுழைந்து அவற்றையே கொடுத்தால் நொடியில் முடிகின்றன. பிங் 250 மில்லி விநாடி காட்டுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாறியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், குமுளி

பதில்: இணைப்பை மாற்றும் முன்பே கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்பில் ஓர் ஆள் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் குமுளி வந்துசேரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். எம்பிபிஎஸ் என்பது இருக்கைகளின் கணக்கு; பிங் காட்டுவதோ போய்வரும் நேரம். உங்கள் ஸ்கிரிப்ட் ஆளுக்கொரு ஜீப் பிடித்து, முதல் ஜீப் திரும்பிய பிறகே அடுத்ததைக் கிளப்புகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும், வெர்ஜீனியா இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கி.மீ. என்பதால், அந்த இழை வழியே 140 மில்லி விநாடிக்குள் போய்வர எவராலும் இயலாது.

ஆனால் தொலைவு மட்டுமே காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது. புதிய எஸ்எஸ்எச் இணைப்பு ஒன்று அமைய, சாவிப் பரிமாற்றம், அடையாளச் சோதனை எல்லாம் சேர்த்து ஏழெட்டு முறை போய்வர வேண்டும். அதற்கு 2 விநாடி போதும். உங்களுக்கோ கட்டளைக்கு 12 விநாடி ஆகிறது. மீதி 10 விநாடி எங்கே போகிறது?

இந்தப் பத்தைப் பார்த்ததும் எனக்கு டிஎன்எஸ் மேல்தான், அதாவது இணையப் பெயர்களையும் ஐபி எண்களையும் பொருத்திச் சொல்லும் ஏற்பாட்டின் மேல்தான், சந்தேகம் வருகிறது. பதில் தராத டிஎன்எஸ் சர்வருக்காக லினக்ஸ் வழக்கமாக 5 விநாடி காத்திருக்கும்; பிறகு மீண்டும் ஒருமுறை கேட்டு, இன்னும் 5 விநாடி காத்திருக்கும். உள்ளே வரும் ஐபி எண்ணுக்குரிய பெயரைத் தேடும் வழக்கம் எஸ்எஸ்எச் சர்வருக்கு உண்டு. 2015இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 6.8 முதல் அது இயல்பாக நிறுத்தப்பட்டிருந்தாலும், பழைய சர்வர்களில் இன்னும் நடக்கிறது. எனவே சர்வரின் ரிசால்வ் கான்ஃப் கோப்பில் செத்துப்போன டிஎன்எஸ் முகவரி இருந்தால் நீக்குங்கள். எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க மென்பொருள்) அமைப்புக் கோப்பில் 'யூஸ்டிஎன்எஸ்' என்பதற்கு 'நோ' கொடுங்கள். இதைச் செய்யும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து சோதித்துக்கொள்ளுங்கள்; எழுத்துப்பிழை ஒன்றால் சர்வருக்கு வெளியே நின்றவர்கள் பலர், நானும் அதில் அடக்கம். அப்படியும் தாமதம் நீடித்தால், எஸ்எஸ்எச் கட்டளையுடன் '-v' (சிறிய 'வி') சேர்த்து ஓட்டி, எந்த வரியில் திரை உறைகிறது என்று பாருங்கள். 'ஜிஎஸ்எஸ்ஏபிஐ' (அடையாளச் சோதனை முறைகளில் ஒன்று) என்ற சொல் வரும் இடத்தில் நின்றால், உங்கள் கணினியிலேயே அந்த முறையை அணைத்துவிடலாம்.

இவ்வளவில் 16 நிமிடம் 3 நிமிடத்துக்குள் வந்துவிடும். அடுத்து உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பில் 'கண்ட்ரோல்மாஸ்டர்', 'கண்ட்ரோல்பெர்சிஸ்ட்' ஆகியவற்றை அமைத்தால், முதல் கட்டளை திறந்த இணைப்பையே மற்றவையும் பயன்படுத்தும். கட்டளைக்கு அரை விநாடி, ஆக மொத்தம் 40 விநாடி. (விண்டோஸுடன் வரும் ஓபன்எஸ்எஸ்எச்சில் இது இயங்காது; விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளிருந்து செய்யுங்கள்.) என்னைக் கேட்டால், 80 கட்டளைகளையும் ஒரே கோப்பாக எழுதிச் சர்வரில் வைத்து, இங்கிருந்து ஒரே முறை இயக்குவதே மேல். ஒரே ஜீப்பில் எல்லோரும் ஏறிவிடுவார்கள்.

கேள்வி: மொபைல் டேட்டாவில் சர்வருக்குள் தட்டச்சு செய்தால், எழுத்து திரையில் தோன்றவே தாமதமாகிறது. வழி உண்டா?
- வாசகி, புளியரை

பதில்: 2012இல் வெளிவந்த மோஷ் என்ற மென்பொருளை இரு பக்கமும் நிறுவுங்கள். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் நீங்கள் தட்டிய எழுத்தை உடனே காட்டும். சிக்னல் விட்டு வந்தாலும் இணைப்பு அறுபடாது. சர்வரின் ஃபயர்வாலில் 60000 முதல் 61000 வரையுள்ள யுடிபி போர்ட்டுகளைத் திறக்க மறவாதீர்கள்.