97இல நிண்டு நாலு அடிச்சா சதம் இல்லையோ?

அண்ணை, கிளிநொச்சி கிரிக்கெட் மட்ச்சில வெல்ல ஒரு ஓட்டம் தேவை, உங்கட தம்பி 97. அவர் அடிச்ச பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனாலும் ஸ்கோரர் ஒண்டு மட்டும் போட்டு 98 எண்டு முடிச்சிட்டார். அது சரியோ எண்டு கேக்கிறியள்.

பந்து கோட்டைத் தொட முதல் துடுப்பாடின ரெண்டு பேரும் அந்த ஒரு ஓட்டத்தை ஓடி முடிச்சவையோ? அதிலதான் எல்லாம் இருக்கு. ஓடி முடிச்சிருந்தா மட்ச் அந்த இடத்திலயே முடிஞ்சுது. பிறகு பந்து எங்க போனாலும் கணக்கில்லை, 98தான். ஓட்டம் முடிய முதல் பந்து கோட்டைத் தொட்டிருந்தா நாலும் தம்பிக்குத்தான், 101. எங்கட வன்னி மைதானங்களில சுண்ணாம்புக் கோடு பாதி அழிஞ்சுதான் கிடக்கும், அதால ஸ்கோரரை மட்டும் குறை சொல்லேலாது.

நோபோல் (விதி மீறிப் போட்ட பந்து, அடிக்கிற அணிக்குச் சும்மா ஒரு ஓட்டம்) எண்டா இன்னும் மோசம். 2010இல தம்புள்ளையில இலங்கையோட நடந்த மட்ச்சில இந்தியாவின்ர சேவாக் 99, இந்தியாவுக்கு ஒரு ஓட்டம் தேவை. இலங்கைப் பந்துவீச்சாளர் சுராஜ் ரந்தீவ் நோபோல் போட, சேவாக் சிக்ஸ் அடிச்சார். நோபோலின்ர ஒரு ஓட்டத்தோடயே மட்ச் முடிஞ்சுது, சிக்ஸ் சேரேல்லை. 99 ஆட்டமிழக்காமல்! வேணுமெண்டு நோபோல் போட்டதுக்கு ரந்தீவுக்கு ஒரு மட்ச் தடையும் விழுந்தது.

வெற்றி எப்பிடியும் மாறாது, அதால மற்ற அணியும் பெரிசா மறுக்காது. ரெண்டு நடுவரிட்டயும் கேளுங்கோ, அவை நாலு எண்டு சொன்னா ஸ்கோர் புத்தகத்தைத் திருத்தச் சொல்லுங்கோ. தம்பி கேக்கப் போகவேண்டாம், அணித்தலைவர் போகட்டும்.